மணி சொல்லும் தலைவலி

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்று ஒரு பழமொழி. இவற்றில் காய்ச்சலுக்காவது சாட்சி உண்டு. நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. தெர்மாமீட்டர் வைத்தால் டிகிரிக் கணக்குச் சொல்கிறது. தலைவலிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. வலிக்கிறது என்று சொல்பவரின் வார்த்தையைத் தவிர அதற்கு வேறு அத்தாட்சி கிடையாது.

அதிலும் நம் வீட்டுப் பெண்கள் அந்த வார்த்தையைக்கூடச் சுலபத்தில் சொல்லிவிடுவதில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். அவளே ஆபீஸுக்குப் போகிறவளாக இருந்தால் பஸ்ஸுக்கும் நேரமாகியிருக்கும். நெற்றியில் கொஞ்சம் தைலம்; ஒரு சுக்குப் பற்று; சூடாக ஒரு காபி; அதற்கும் மசியாவிட்டால் ஒரு மாத்திரை. வைத்தியம் முடிந்தது!

பெரும்பாலும் வலியும் தீர்ந்துவிடுகிறது, வாஸ்தவம்தான். தூக்கமின்மை, பட்டினி, வெயில், ஜலதோஷம், மனக் கவலை, ஒற்றைத் தலைவலி என்று எத்தனையோ காரணங்கள். அவற்றில் அநேகம் உயிருக்கு உலை வைப்பவை அல்ல. ஆனால் ஒரு தலைவலி இருக்கிறது. அது வந்தால் தைலத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. டெலிபோனை எடுக்க வேண்டும். அந்த ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்து அறிவது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

லண்டனில் ஒரு காலை

2011-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 11-ஆம் தேதி. வடக்கு லண்டனில் க்ரௌச் எண்ட் என்ற பகுதியில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடம். அங்கே உடை மாற்றிக்கொண்டிருந்தாள் ஓர் இளம் பெண். வயது 24. பெயர் எமிலியா கிளார்க். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற டெலிவிஷன் தொடரின் முதல் பாகத்தில் நடித்து முடித்திருந்தாள். அது இன்னும் ஒளிபரப்பாகவில்லை. பின்னால் உலகமே அவளை அறியப் போகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

உடை மாற்றும்போதே தலையை வலித்தது. காலணியை மாட்டக்கூடச் சக்தி இல்லாத களைப்பு. நம்மைப் போலத்தான் அவளும் அதைப் பொருட்படுத்தாமல் பயிற்சியை ஆரம்பித்தாள். சிறிது நேரத்தில், ரப்பர் பட்டை ஒன்று மூளையைச் சுற்றி இறுக்குவது போன்ற வலி. தாங்க முடியவில்லை. தட்டுத் தடுமாறிக் குளியலறைப் பக்கம் போய் மண்டியிட்டாள், ஓயாத வாந்தி. வலி ஏறிக்கொண்டே போயிற்று. தன் மூளைக்குள் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியதாம். நினைவு தப்பிவிடக் கூடாதே என்று, தான் நடித்த வசனங்களையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாளாம்.

அவள் அதிர்ஷ்டம், பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்மணியின் காதில் இது விழுந்தது. அந்த அம்மாள் உள்ளே வந்து, எமிலியாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது விஷயம் வெளியாயிற்று. மூளையின் ரத்தக் குழாய் ஒன்றில் இருந்த புடைப்பு வெடித்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர்கள் அந்தப் புடைப்புக்கு வைத்திருக்கும் பெயர் ‘அனியூரிஸம்’.

காம்பில் தொங்கும் மணத்தக்காளி

சைக்கிள் டியூபில் ஓரிடம் பலவீனப்பட்டிருந்தால், காற்றடிக்கும்போது அந்த இடம் மட்டும் புடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மூளையிலும் அதுதான் நடக்கிறது. மூளையின் அடிப்புறத்தில் பெரிய ரத்தக் குழாய்கள் வளையமாகக் கூடிக் கிளை பிரிகின்றன. கிளை பிரியும் கவட்டையில் ரத்தத்தின் மோதல் அதிகம். அங்கே சுவர் மெலிந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து, காம்பில் தொங்கும் மணத்தக்காளிப் பழம் மாதிரி ஒரு பை உண்டாகிறது.

இதைப் படித்ததும் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்! பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கக்கூடும் என்பது கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் ஆயுசு முழுவதும் நன்றாக வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். வெடிப்பது சிலருக்குத்தான். உலக அளவில் பார்த்தால் ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்குப் பத்துப் பேருக்கும் குறைவு.

ஆனால் அந்தச் சிலரின் கதை சாமானியமானதல்ல. வெடித்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் பலருக்குப் பேச்சிலோ ஞாபகத்திலோ நடையிலோ குறை தங்கிவிடுகிறது. இன்னொன்றையும் நம் வாசகிகள் கவனிக்க வேண்டும்: இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் நாடுகிறது. அதிகமாக வெடிப்பது நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில். குடும்பத்தின் பாரம் முழுவதும் அவள் தோளில் இருக்கிற வயது!

கடிகாரம்தான் சாட்சி

“எனக்கும்தான் மாதத்தில் நாலு நாள் மண்டை பிளக்கிறது. எது அந்தத் தலைவலி என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

வலியின் கடுமையைப் பார்ப்பதைவிட அதன் வேகத்தைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலி படிப்படியாக ஏறும். காலையில் லேசாக ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் உச்சிக்குப் போகும். எப்போது தொடங்கியது என்று கேட்டால், “காலையிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தது” என்போம். புடைப்பு வெடித்து வரும் தலைவலி பெரும்பாலும் அப்படியல்ல. இல்லாத வலி திடீரென்று வந்து, ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். இடி விழுந்தாற்போல் வருவதால் டாக்டர்கள் இதை ‘இடித் தலைவலி’ என்ற பொருளிலேயே குறிப்பிடுகிறார்கள். இது வந்தவர்கள், எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று துல்லியமாகச் சொல்வார்கள். “என் ஆயுசில் இப்படி வலித்ததில்லை” என்பார்கள்.

எமிலியா கிளார்க்குக்கு வந்ததைப் போல முதலில் லேசாக ஆரம்பித்து, பிறகு சடாரென்று தாக்குவதும் உண்டு. ஆகவே வலியோடு கூட வேறு என்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுவது, இரண்டு இரண்டாகத் தெரிவது, மயக்கம், வலிப்பு, பேச்சில் குழப்பம் - இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் சந்தேகம் வலுக்கிறது. கழுத்து விறைப்பு உடனே வராமல், சில மணி நேரம் கழித்தும் வரும். ஆகவே கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று சமாதானப்பட்டுவிடக் கூடாது.

இடித் தலைவலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புடைப்பு வெடித்திருப்பதில்லை என்பதும் உண்மை. வேறு காரணமாக இருந்து, நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால் யாருக்கு எது என்பதை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஸ்கேன்தான் தீர்மானிக்க வேண்டும்.

பெரியம்மாவின் ஒன்பது நாள்

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சமயம். என் பெரியம்மா மொட்டை மாடிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். படியிறங்கி வந்தவள் முகம் வெளுத்து, கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தாள்.

“யாரோ பின்மண்டையிலே கட்டையால் அடிச்ச மாதிரி இருக்குடி. கறிகாய்க்காரன் வாசலில் குரல் கொடுத்தானே, அந்த க்ஷணம்!” என்றாள்.

ஒரு தடவை வாந்தி எடுத்தாள். “பித்தம்” என்றார் பெரியப்பா. எலுமிச்சம்பழ ரசம் கொடுத்தோம். தைலம் தடவி, ஜன்னல் கதவைச் சாத்திப் படுக்க வைத்தோம். ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டாள். சாயந்திரம் எழுந்து உட்கார்ந்தாள். ராத்திரி அவளே ரசம் வைத்தாள். எங்களுக்கெல்லாம் மகா சந்தோஷம். அந்த வாரம் முழுவதும் கழுத்துப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். தலையணை சரியில்லை என்று தலையணையை மாற்றினோம்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் இரண்டாவது அடி விழுந்தது. இந்தத் தடவை அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “இதற்கு முன்னால் இந்த மாதிரித் திடீர்த் தலைவலி எப்போதாவது வந்ததா?” நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு நாளைக்குப் பிறகு பெரியம்மா போய்விட்டாள்.

அந்த முதல் தலைவலிக்கு ‘காவல்காரத் தலைவலி’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறதென்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெரிய வெடிப்புக்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்பு புடைப்பிலிருந்து துளி ரத்தம் கசியும். அந்தக் கசிவுதான் எச்சரிக்கை மணி அடிக்கிறது. எல்லோருக்கும் அடிப்பதில்லை, அடித்தவர்களுக்கும் அது தானாகவே அடங்கிவிடுகிறது. அதில்தான் ஏமாற்றம்! மாத்திரையில் வலி நின்றுவிட்டதனால் ஆபத்து நீங்கிற்று என்று அர்த்தமில்லை. இதை மட்டும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள்தான் ஏமாந்தோம் என்பதில்லை. அமெரிக்காவில் இவ்வகை ரத்தக் கசிவு உள்ள 482 நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2004-ஆம் வருஷம் வெளியாயிற்று. அவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு ஆரம்பத்தில் வைத்தியர்களே வேறு நோய் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்ன நோய்களில் முதலிடம் ஒற்றைத் தலைவலிக்கும் மன இறுக்கத் தலைவலிக்கும். தவறுக்கு முக்கியக் காரணம், ஸ்கேன் எடுக்காமல் விட்டது.

பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடன் கதையும் இதுவே. 1988 பிப்ரவரியில், அவர் செனட்டராக இருந்தபோது, ராச்செஸ்டர் நகரில் பேசிவிட்டு ஓட்டல் அறைக்குத் திரும்பினார். தலைக்குள் மின்னல் வெட்டியது போல் வலி. பல மணி நேரம் நினைவின்றிக் கிடந்தார். எழுந்து, மறுநாள் விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனை நடத்தும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

சரிந்த இமை

இன்னோர் அடையாளமும் உண்டு. அது கண்ணில் தெரியும். சில புடைப்புகள் வெடிப்பதற்கு முன்பே பெருத்து, கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துகின்றன. அப்போது ஒரு பக்கத்து இமை மட்டும் சரிந்து தொங்கும். அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். ‘தூக்கக் கலக்கம்’, ‘வாதம்’ என்று இதைத் தள்ளிப் போடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1937 மார்ச் 23-ஆம் தேதி, பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், வால்ட்டர் டாண்டி என்ற டாக்டர் ஒரு நோயாளியின் மண்டையைத் திறந்தார். அந்த மனிதருக்கு இந்தக் கண் நரம்புதான் செயலிழந்திருந்தது. புடைப்பின் காம்பைக் கண்டுபிடித்து, அதை ஒரு சின்ன வெள்ளிக் கிளிப்பால் இறுக்கினார் டாண்டி. கொடியில் துணிக்கு கிளிப் போடுகிறோமே, அந்த மாதிரி! நோயாளி பிழைத்துக்கொண்டார். திட்டமிட்டுக் கிளிப் போட்டு இந்தப் புடைப்பை அடைத்த முதல் ஆபரேஷன் அதுதான்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 108-க்கு டெலிபோன் செய்யுங்கள். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போவது முக்கியம். நோயாளி தாமே ஸ்கூட்டரோ காரோ ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வாந்தி இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் தர வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரை கூடவே கூடாது. ரத்தம் உறைவதை அது தடுக்கும்.

ஆஸ்பத்திரியில் “தலைவலி” என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்திவிடாதீர்கள். “இத்தனை மணிக்குத் திடீரென்று வந்தது. ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டது. இதுவரை இப்படி வந்ததில்லை” என்று சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியங்கள் டாக்டரின் யோசனையை வேறு திசையில் திருப்பும்.

மணிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? வலி வந்த ஆறு மணி நேரத்துக்குள் ஸி.டி. ஸ்கேன் எடுத்தால், கசிந்த ரத்தம் அநேகமாகத் தப்பாமல் தெரிந்துவிடும். நேரம் ஆக ஆக ரத்தம் கரைந்து, படத்தில் மங்கிவிடும். அப்போது முதுகுத் தண்டிலிருந்து ஊசி மூலம் நீர் எடுத்து, அது மஞ்சளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டி வரலாம். அத்துடன், ஒரு தடவை வெடித்தது மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதற்குள் அடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அடைப்பதற்கு இன்று இரண்டு வழிகள். ஒன்று, டாண்டி காட்டிய கிளிப். மற்றொன்று, மண்டையைத் திறக்காமலே செய்வது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலை மூளை வரை செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் குயிதோ குல்யெல்மி என்ற இத்தாலிய டாக்டர். 1990-ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலாகச் செய்து பார்த்தார். எது யாருக்கு ஏற்றது என்பது புடைப்பின் இடத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. அதன் பிறகும் இரண்டு மூன்று வாரங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கசிந்த ரத்தத்தின் எரிச்சலால் மற்றக் குழாய்கள் சுருங்கிவிடக்கூடும். அதன் கெடுதலைக் குறைக்க நிமோடிபின் என்ற மருந்து தருகிறார்கள்.

வராமல் தடுக்க முடியுமா என்றால், நம் கையில் இருப்பவை இரண்டு: ரத்தக் கொதிப்பை அடக்கி வைப்பது, புகை பிடிக்கும் பழக்கத்தை அறவே விடுவது. தாய் தகப்பன், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இந்த நோய் வந்திருந்தாலோ, சிறுநீரகத்தில் கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் இருந்தாலோ, முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேட்பது நல்லது.

எமிலியா கிளார்க்குக்குக் கம்பிச் சுருள் சிகிச்சைதான் நடந்தது. இரண்டு வாரம் கழித்து, நர்ஸ் பெயரைக் கேட்டபோது தன் பெயரையே அவளால் சொல்ல முடியவில்லை. வாயில் அர்த்தமில்லாத சொற்கள் வந்தன. ஒரு வாரத்தில் பேச்சு திரும்பிற்று. 2013-இல் இன்னொரு புடைப்பு இரண்டு மடங்காகப் பெருத்திருந்ததைக் கண்டு, அதற்கும் சிகிச்சை செய்தார்கள். அது பலிக்காமல் ரத்தப் பெருக்கு ஏற்பட்டு, மண்டையைத் திறந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் நடுவே அவள் நடித்துக்கொண்டுதான் இருந்தாள். 2019-இல்தான் இவற்றையெல்லாம் வெளிப்படையாக எழுதினாள். மூளைக் காயத்திலிருந்து மீள்கிறவர்களுக்கு உதவ அதே வருஷம் ஒரு தர்ம ஸ்தாபனமும் ஆரம்பித்தாள். சிறு வயதில் வந்த தலைவலியும் மயக்கமும் ஒருவேளை எச்சரிக்கையாக இருந்திருக்குமோ என்று இப்போது அவளுக்குத் தோன்றுகிறதாம்.

அவளுடைய குரல் அடுத்த அறையில் இருந்த ஒரு பெண்மணியின் காதில் விழுந்தது. பெரியம்மாவின் குரலும் எங்கள் காதில் விழத்தான் செய்தது. ‘கறிகாய்க்காரன் குரல் கொடுத்த க்ஷணம்’ என்று மணியைக்கூடச் சொன்னாள். அதைக் கேட்டு என்ன செய்ய வேண்டும் என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தைலப் புட்டியை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எப்போது வந்தது?” பதில் ஒரு மணியாக, ஒரு க்ஷணமாக வந்தால், உடனே கிளம்புங்கள். அப்படித் தலையைப் பிடித்துக்கொள்வது நீங்களாகவே இருந்தால், குழம்பு அடுப்பிலேயே இருக்கட்டும். முதலில் வாய் திறந்து சொல்லுங்கள்.